பெயருக்குப் பின்னால் ஒரு ‘பிள்ளை’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாத்தாவின் நிலப் பத்திரத்தில் அவர் பெயருக்குப் பின்னால் ‘பிள்ளை’ இருக்கிறது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழிலேயே அது காணாமல் போய்விட்டது. எனக்கு அப்பாவின் முதலெழுத்து மட்டும்தான். அப்படியும் வருடத்துக்கு நாலைந்து பேராவது இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். பாதிப் பேர் திருமண வீட்டுப் பந்தியில் கேட்பவர்கள், மீதிப் பேர் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த உறவுப் பிள்ளைகள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பிள்ளை என்பது குடும்பப்பெயரா, சாதிப்பெயரா, பட்டமா?

நீங்கள் எந்த ஊரில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் அது பட்டம். பல சாதியார் வைத்துக்கொண்ட பட்டம் என்பதால் சாதிப்பெயர் போலவும் புழங்கியது. தெற்குக் கேரளத்தில் நாயர்களில் ஒரு பகுதியினரின் பட்டம். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ஆளின் சொந்தப் பெயரிலேயே ஒட்டிய பகுதி. டர்பனிலும் மொரீஷியஸிலும்தான் அது அப்பாவிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் அப்படியே இறங்குகிற அசல் குடும்பப்பெயர். ஊரில் இருந்தவரை பட்டமாக இருந்தது, கப்பல் ஏறியதும் குடும்பப்பெயராகிவிட்டது.

சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன? குழந்தைதானே?

இன்றைக்குக் குழந்தைதான். ஆனால் தொல்காப்பியரிடம் போய்க் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். மரபியலில் இளமைப் பெயர்களைப் பிரித்துக் கொடுக்கும்போது ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’ என்கிறார். அதாவது பிள்ளை என்பது பறவைக் குஞ்சு. மனிதக் குழந்தைக்கு அவர் ஒதுக்குவது குழவி, மகவு என்ற இரண்டு சொற்களை மட்டுமே. அவர் கணக்குப்படி நம் வீட்டுப் பிள்ளைகள் பிள்ளைகளே இல்லை!

அதே மரபியலில் மரம் செடிகளின் இளமைக்கும் பிள்ளை என்று சொல்லலாம் என்று அனுமதி தருகிறார். தென்னம்பிள்ளை என்று தோட்டத்தில் நாம் சொல்வது அந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சிதான். கிளிப்பிள்ளையும் அப்படியே. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை எல்லாம் தொல்காப்பியர் போட்ட எல்லையைத் தாண்டி, செல்லமாகச் சொல்லிப் பழகியவை. பிள்ளைப்பூச்சிக்கு யார் செல்லம் கொடுத்தார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கியதே இல்லை.

குழந்தையைக் குறிக்கும் சொல் எப்படி மரியாதைப் பட்டமாயிற்று?

யாருடைய குழந்தை என்பதில் இருக்கிறது விஷயம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இளவரசரைப் ‘பிள்ளையார்’ என்று குறிப்பிடுவார்கள். சிவனும் உமையும் தம் பிள்ளையாக ஏற்றதால் திருஞானசம்பந்தர் ‘ஆளுடைய பிள்ளையார்’. கோயில் வழக்கில் கணபதி மூத்த பிள்ளையார், முருகன் இளைய பிள்ளையார். இன்று தெருமுனையில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அரசனின் பிள்ளை, இறைவனின் பிள்ளை என்று சொல் உயர்ந்த பிறகு, அரசனுக்கு நெருக்கமாக இருந்த அதிகாரிக்கும் அதைக் கொடுப்பது பெரிய தூரம் இல்லை. ‘நம் வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று இன்றும் நம்பிக்கைக்குரிய ஆளைச் சொல்கிறோமே, அதுபோலத்தான். பட்டம் பிறந்த கதைக்குப் பலரும் சொல்லும் விளக்கம் இது. எனக்கும் இதுதான் பொருந்துவதாகப் படுகிறது.

வைணவ ஆசாரியர்கள் பலருக்குப் பிள்ளை என்று பெயர் இருக்கிறதே, அவர்களும் இந்தப் பட்டக்காரர்களா?

இல்லை. நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் எல்லோரும் பிராமண ஆசாரியர்கள். அங்கே பிள்ளை என்பது குருவின் வாயிலிருந்து வந்த அன்புச் சொல்.

நம்பிள்ளையின் கதை ஒன்று போதும். இயற்பெயர் வரதராசன். திருவாய்மொழிக்குத் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படி உரையைப் படியெடுக்க அவருடைய குரு நஞ்சீயர் அவரிடம் கொடுத்தாராம். காவிரியைக் கடக்கும்போது ஓலைகள் வெள்ளத்தில் போய்விட்டன. வரதராசன் கேட்டதை நினைவில் வைத்து முழுவதும் எழுதினார், சில இடங்களில் மூலத்தைவிட நயமாகவே. படித்துப் பார்த்த நஞ்சீயர் கோபப்படாமல் ‘நம் பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார் என்பது மரபு. பெயர் அப்படியே நின்றது.

இன்னொரு பக்கம், இராமானுசரின் சீடரான உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லி தாசர். பிராமணர் அல்லர். பிற்காலத்தில் அஷ்டப்பிரபந்தம் பாடிய புலவருக்கோ பிள்ளைப் பெருமாள் ஐயங்கார் என்றே பெயர். ஒரே பெயரில் பிள்ளையும் ஐயங்காரும்!

சரி, பிள்ளை என்று பெயர் இருந்தால் இன்ன சாதி என்று சொல்லிவிடலாமா?

முடியாது. பந்தியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான்.

வேளாளரில் பல பிரிவினர் இந்தப் பட்டத்தைப் போட்டார்கள், உண்மை. திருநெல்வேலிப் பக்கம் ‘பிள்ளைமார்’ என்றாலே அவர்களைத்தான் நினைப்பார்கள், ‘பிள்ளைவாள்’ என்று கூப்பிடுவதும் அங்கேதான். ஆனால் தஞ்சை மாவட்டத்துக்கு வாருங்கள். நாதசுரம் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர், பெயரில் வேளாளர் என்று இருந்தாலும் அது தனிச் சமூகம். புதுச்சேரிக்குப் போனால், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை யாதவர். நாகர்கோவிலைத் தாண்டினால் நாயர் பிள்ளைகள்.

மதமும் அப்படித்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை வைணவ வீட்டில் பிறந்து கிறிஸ்தவரானவர். இந்திய நாட்காட்டிக் கணக்குகளைத் தொகுத்து, கல்வெட்டு ஆய்வாளர்கள் தேதி கணிக்க வழி செய்துகொடுத்த எல்.டி.சுவாமிக்கண்ணு பிள்ளையும் கிறிஸ்தவர்தான். மூவருமே மதத்தை வைத்துப் பட்டத்தை விடவில்லை.

கணக்குப்பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒன்றா?

சொல் ஒன்று, விஷயம் வேறு. கணக்குப்பிள்ளை என்பது வேலை. ஊர்க் கணக்கு எழுதுகிறவர், மண்டிக் கணக்கு எழுதுகிறவர் யாராக இருந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், கணக்குப்பிள்ளைதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இதை வாய்க்கு வந்தபடி ‘கோனிகோபொலி’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது ஏதோ விளையாட்டின் பெயர் என்று நினைத்தேன்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கணக்குப்பிள்ளை என்றால் கொழுந்து பறிக்கும் மலையில் நின்று ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். கையில் கணக்குப் புத்தகம் இருந்தாலும் குரல்தான் முக்கியம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரம்பரையாக வந்த கர்ணம் (ஊர்க் கணக்கர்), கிராம முன்சீப் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டு வந்தது. அப்படியும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வி.ஏ.ஓ.வைக் கணக்குப்பிள்ளை என்று சொல்வதை விடவில்லை.

மாப்பிள்ளை?

அதே குடும்பத்துச் சொல்தான். கேரளத்தில் மாப்பிள்ளை என்பதும் பட்டமாக இருந்தது. மலபார் முஸ்லிம்கள் மாப்பிளாக்கள், மத்திய கேரளத்தில் சில சிரியன் கிறிஸ்தவர்களும் அதைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். 1888-இல் மலையாள மனோரமாவைத் தொடங்கியவர் கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை.

கேரளத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் உறவா?

பொதுவாக இல்லை. அங்கே உச்சரிப்பு ‘பிள்ள’. திருவிதாங்கூரில் அது அரசோடும் நிலத்தோடும் ஒட்டிய பட்டம். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற எட்டுக் குடும்பத் தலைவர்கள் அரசனையே ஆட்டிப்படைக்கும் அளவுக்கு வளர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மாவால் ஒடுக்கப்பட்டார்கள். அந்தச் சண்டையை வைத்து 1891-இல் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலை எழுதியவரும் ஒரு பிள்ளை, சி.வி.ராமன் பிள்ளை. முதலமைச்சராக இருந்த பட்டம் தாணு பிள்ளை, ‘செம்மீன்’ எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை இருவரும் இந்த வரிசை. பட்டம் தாணு பிள்ளையின் ‘பட்டம்’ திருவனந்தபுரத்தில் ஓர் இடத்தின் பெயர். பட்டத்துக்கு முன்னால் இன்னொரு பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாடுதான் இரண்டும் கலக்கும் இடம். தமிழ் பேசும் வேளாளப் பிள்ளைமார் அங்கே நாயர்களைப் போலவே மருமக்கள் வழியில் சொத்தைக் கொடுத்துவந்தார்கள். பெற்ற பிள்ளைக்கு இல்லை, சகோதரி பிள்ளைக்குத்தான் சொத்து. அந்த வழக்கத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று எழுதிக் கிழித்துத் தோரணம் கட்டினார். பெயரிலேயே பிள்ளையை வைத்திருந்தவர்கள் பிள்ளைக்குச் சொத்துக் கொடுக்காத வேடிக்கையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

தென்னாப்பிரிக்காவில் ஏன் கடைசியில் ‘ஒய்’ போட்டு எழுதுகிறார்கள்?

எழுதியவர் காதில் விழுந்தது அப்படி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. அன்று தொடங்கி இறங்கிய ஒவ்வொருவருக்கும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினார்கள். முதலெழுத்தும் அப்பா பெயரும் சேர்ந்த நம் முறை ஆங்கில ஆட்சிக்கு விளங்கவில்லை, அவர்களுக்கு வேண்டியது குடும்பத்துக்கு ஒரு பெயர். அடுத்த தலைமுறைகளில் ஊர்ப் பட்டங்கள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. பிள்ளை, நாயுடு, முதலி, படையாட்சி, செட்டி எல்லாம் அங்கே குடும்பப்பெயர்கள். கவுண்டர் என்பது ‘கோவெண்டர்’ ஆயிற்று. ஒருமுறை பதிவேட்டில் ஏறிய எழுத்தை மாற்ற யாருக்கும் நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

அந்த டர்பனில் 1941-இல் பிறந்தவர் நவி பிள்ளை, தமிழ் வழியினர், பேருந்து ஓட்டுநரின் மகள். ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தார். பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாகலாம் என்று 1998-இல் அகாயேசு வழக்கில் தீர்ப்புச் சொன்ன அமர்வில் அவரும் ஒருவர். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். ஈழத் தமிழர் வீடுகளில் அந்த ஆண்டுகளில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் இதையே ‘புல்லே’ என்று வரும்படி எழுதினார்கள், ரங்கப்பிள்ளை வீதி அவர்கள் எழுத்தில் ரங்கபுல்லே வீதி. இலங்கையில் கொழும்புச் செட்டி வழிவந்தவர்களின் பெயர்களில் ‘புள்ளே’ இருக்கும். 2008-இல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளேயின் பெயரைப் பிரித்துப் பாருங்கள். போர்த்துக்கீசியப் பெர்னாண்டோவும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பெயரில் கைகோத்து நிற்பது தெரியும்.

யாழ்ப்பாணத்தில் எப்படி?

அங்கே பெரும்பாலும் தனியாக நிற்காது, பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வேலுப்பிள்ளை, தம்பிப்பிள்ளை, ஆறுமுகம்பிள்ளை என்பவை முழுப் பெயர்கள். மகன் பெயரில் அது தொடர வேண்டிய கட்டாயமும் இல்லை. இலங்கைத் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்தின் தகப்பன் பெயர் அப்பாப்பிள்ளை, மகன் வெறும் அமிர்தலிங்கம். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி.வை.தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவர். மற்றவரும் யாழ்ப்பாணத்தார், கரோல் விசுவநாதபிள்ளை.

பேச்சில் இன்னொன்று. ‘பிள்ளை, இஞ்ச வா’ என்று பெரியவர் கூப்பிட்டால் அங்கே பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பவள் பெண்பிள்ளை. பையன்கள் பெடியன்கள். மதுரைப் பக்கத்து ‘ஏ புள்ள’யும் பெண்ணைத்தான் கூப்பிடும்.

அப்படியானால் பெண்களின் பெயரிலும் வருமா?

வரும். பட்டமாக அல்ல, பெயராகவே. மதுரைக்கு அருகிலுள்ள கிராமத்தில் பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகத் திரட்டிய சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் வணங்கிய படம் நினைவிருக்கும். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. ‘மிஸஸ் பிள்ளை’ என்ற வழக்கம் வெளிநாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தது.

சொல்லத்தக்க பிள்ளைகள் யார் யார்?

வ.உ.சி.யை நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புச் சத்தியாகிரகத்துக்குக் ‘கத்தியின்றி ரத்தமின்றி’ எழுதிக் கொடுத்த நாமக்கல் ராமலிங்கம் பிள்ளையையும் பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள். எல்லோரும் மறக்கிற ஒருவரைச் சொல்கிறேன்.

எஸ்.எஸ்.பிள்ளை, சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-இல் தென்காசிப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர், எண் கோட்பாட்டுக்காரர். எந்த நேர் முழு எண்ணையும் ஒரே அடுக்கில் உயர்த்திய, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்படாத எண்களின் கூட்டாக எழுதலாமா என்பது வேரிங் சிக்கல். ஆறாம் அடுக்குக்கு எத்தனை வேண்டும் என்றால் 73 போதும் என்று நிறுவியவர் இவர். கணிதத்தில் ‘பிள்ளை பகா எண்கள்’ என்றும் ‘பிள்ளை ஊகம்’ என்றும் இவர் பெயரில் இருக்கின்றன. 1950 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார். இராமானுசனுக்குச் சிலையும் அஞ்சல் தலையும் வைத்த நாம், இவருக்கு ஒரு பாடநூல் பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம் என்று நினைப்பேன். புள்ளியியல் மாணவர்கள் கணினியில் பார்க்கும் ‘பிள்ளை ட்ரேஸ்’ இவருடையது அல்ல, கேரளத்துக் கே.சி.எஸ்.பிள்ளையுடையது.

சிங்கப்பூரில் இருவர். 1819-இல் ராஃபிள்ஸின் கப்பலிலேயே பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்தார், 1827-இல் மாரியம்மன் கோயில் கட்டினார். இன்னொருவர் ஜே.ஒய்.பிள்ளை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸை 1972 முதல் 1996 வரை தலைவராக இருந்து வளர்த்தவர், 2017-இல் சில நாட்கள் நாட்டின் தற்காலிக அதிபராகவும் இருந்தார். அப்புறம் நம் தன்ராஜ் பிள்ளை, புனே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து நான்கு ஒலிம்பிக்கில் ஆடிய ஹாக்கிக்காரர்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று தேடினால் குழப்பமாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும், குறைந்தது மூன்று பேர். உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் திரிசிரபுரம் மகாவித்துவான், 1815–1876. பிள்ளைத்தமிழ்களாகப் பாடிக் குவித்தவர், பிள்ளைத்தமிழ்ப் பிள்ளை என்றே சொல்லலாம். இரண்டாமவர் பந்தநல்லூர் பரதநாட்டிய ஆசான். மூன்றாமவர் நீடாமங்கலம் தவில் வித்துவான். ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்.

இப்போது தமிழ்நாட்டில் இந்தப் பெயரைக் காணோமே, எங்கே போயிற்று?

உதறிவிட்டோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இரண்டு தலைமுறைக்குள் நடைமுறையில் அது பெரும்பாலும் ஏறிவிட்டது. சாதி போயிற்றா என்று கேட்காதீர்கள், பெயர்ப்பலகையிலிருந்து போயிற்று.

இறந்தவர்களின் பெயரையும் திருத்தினோம். தமிழ்த்தாய் வாழ்த்தின் ஆசிரியர் பெ.சுந்தரம் பிள்ளை. திருநெல்வேலிப் பல்கலைக்கழகமோ மனோன்மணியம் சுந்தரனார் பெயரில். தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் துறைமுகம். பிள்ளையை எடுத்த இடத்தில் ‘ஆர்’ விகுதி வந்து மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டது. தமிழ் செய்த அழகான ஒட்டுவேலைகளில் இது ஒன்று. கவிமணிக்கும் நாமக்கல் கவிஞருக்கும் விருதுப்பெயரே போதுமாயிற்று.

தேவசகாயம் பிள்ளை பெயரிலும் ஏதோ மாற்றம் வந்ததாமே?

ஆமாம். 1712-இல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். மக்கள் அவரைத் தலைமுறை தலைமுறையாகத் தேவசகாயம் பிள்ளை என்றுதான் சொல்லி வந்தார்கள். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர் பெயரில் சாதிப் பட்டம் எதற்கு என்று கேள்வி எழுந்தது. 2020-இல் வத்திக்கான் அதிகாரபூர்வப் பெயரிலிருந்து ‘பிள்ளை’யை நீக்கியது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது வெறும் தேவசகாயம்தான்.

விசா விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் கேட்கிறார்கள். தாத்தாவின் ‘பிள்ளை’யைப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். உங்கள் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு எதிலும் இல்லாத பெயரை ஒரு படிவத்தில் மட்டும் புகுத்தினால் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம், ஆனால் சில நாடுகளில் இடிக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்றது, பிறகு தந்தை பெயர் உள்ளே இருந்தால் சரி என்று தளர்த்தியது. அதனால் முதல் தடவை கடவுச்சீட்டு எடுக்கும்போதே அப்பா பெயரை விரித்து அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். விமான நிலையத்தில் ‘மிஸ்டர்’ போட்டு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது இன்னமும் ஒரு நொடி யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன்.